சிறுபொசில் இளையர்: மார்கழியில் புதுக்கோட்டைப் பாறைகளில் ஐந்து நாள்

முதல் நாள், மார்கழி 18: கொடும்பாளூர்

கூடாரத்தை வாங்கியவன் என் அக்காள் மகன். அதற்குள் யார் படுக்கப்போகிறார் என்பதை மட்டும் வாங்கும்போது அவன் சொல்லவில்லை. "மாமா, ஐந்து நாள் லீவு போடுங்கள். கார் உங்களுடையது, மற்றதெல்லாம் என் பொறுப்பு" என்றான். மற்றதெல்லாம் என்றால் ஒரு கூடாரம், இரண்டு படுக்கைப் பைகள், உள்ளங்கை அகலத்தில் ஒரு கேஸ் அடுப்பு, நெற்றியில் கட்டிக்கொள்ளும் டார்ச் இரண்டு. என் மனைவி தன் பங்குக்கு ஒரு குரங்குக் குல்லாயும் இடுப்புவலித் தைலமும் எடுத்து வைத்தாள். ஐம்பத்து நான்கு வயதில் தரையில் படுக்கப் போகிறவனுக்கு எது உதவும் என்பது அவளுக்குத் தெரியும்.

போகும் இடம் புதுக்கோட்டை மாவட்டம். சித்திரையில் அந்தப் பாறைகளின் மேல் செருப்பில்லாமல் ஒரு நிமிடம் நிற்க முடியாது. மார்கழியிலும் தையிலும்தான் அந்த ஊர் மனிதரை ஏற்றுக்கொள்ளும். குளிர்காலம் என்று சொல்லிக்கொள்ள நமக்கு இருப்பதும் இந்த இரண்டு மாதம்தான். காஷ்மீரத்துக்காரர் கேட்டால் சிரிப்பார். சிரிக்கட்டும், என் குல்லாய் என்னோடு இருக்கிறது.

உறையூரில் வீட்டு வாசலிலிருந்து கிளம்பி மதுரைச் சாலையைப் பிடித்தோம். இதே உறையூரிலிருந்து இதே மதுரைக்குத்தான் கோவலனும் கண்ணகியும் சமணத் துறவி கவுந்தியடிகளும் நடந்தார்கள். சிலப்பதிகாரத்தில் மாங்காட்டு மறையவன் அவர்களுக்கு வழி சொல்கிறான்: கொடும்பை என்ற ஊரின் நெடுங்குளத்தைத் தாண்டினால் பாதை சிவனுடைய சூலம்போல மூன்றாகப் பிரியும். அந்தக் கொடும்பைதான் கொடும்பாளூர். அவர்களுக்கு எத்தனை நாள் ஆனதோ, எங்களுக்கு நாற்பது கிலோமீட்டர், நடுவில் ஒரு டீ. மூன்று கிளைகளில் எது நல்ல வழி என்று விசாரிக்க வேண்டிய தேவையும் இல்லை. மருமகனின் போனில் ஒரு பெண் குரல், கேட்காமலேயே சொல்லிக்கொண்டு வந்தது.

மூவர் கோயில் மேற்கு பார்த்தது. எனவே காலையில் போகிறவர்களுக்கு நிழல்தான் கிடைக்கும். நாங்கள் நான்கு மணிக்குப் போனோம். மாலை வெயில் இரண்டு விமானங்களின் முகத்திலும் நேராக விழுந்து கல்லைத் தேன் நிறமாக்கியிருந்தது. மூன்று விமானங்களில் நடுவிலுள்ளதும் தெற்கிலுள்ளதும் நிற்கின்றன. வடக்கிலுள்ளதற்கு அடித்தளம் மட்டும் மிச்சம். கட்டியவன் இருக்குவேளிர் குலத்துப் பூதி விக்கிரமகேசரி. தன் பெயரிலும் தன் இரண்டு மனைவியர் பெயரிலும் மூன்று கோயில் எடுத்தான் என்று நடுக் கோயில் சுவரிலுள்ள கிரந்தக் கல்வெட்டு சொல்கிறது. அவன் முன்னோர்களில் ஒருவனை வாதாபியை வென்றவன் என்றும் அது குறிக்கிறது. மனைவியர் பெயர் கற்றளி, வரகுணை. கற்கோயிலுக்கே கற்றளி என்றுதான் பெயர். ஒரு ராணிக்கும் அதே பெயர் என்பது எனக்குப் பிடித்துப்போயிற்று. மருமகனுக்கு வேறு கவலை. "இடிந்து போனது யாருடைய கோயில் மாமா? மற்றவள் சும்மா இருந்திருப்பாளா?" அவனுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை.

அரை மணி நேரத்துக்கு வேறு யாரும் வரவில்லை. கபோதம் என்னும் கூரை விளிம்புக்குக் கீழே ஓடும் பூதவரியில் குட்டைப் பூதங்கள் ஆளுக்கொரு சேட்டை செய்துகொண்டிருந்தன. புல்தரையில் உட்கார்ந்து வெயில் இறங்கும்வரை அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பாதுகாக்கப்பட்ட இடங்களுக்குள் கூடாரம் போடக் கூடாது, போடவும் வேண்டாம். மருமகனோடு படித்த ஒருவனின் தகப்பனாருக்கு விராலிமலைக்குப் பக்கத்தில் மாந்தோப்பு இருக்கிறது. அங்கே தங்க ஏற்பாடு. விராலிமலையில் முருகனுக்குச் சுருட்டு நைவேத்தியம் உண்டு, தெரியுமல்லவா? தோப்புக்காரர் அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டே தானும் ஒன்றைப் பற்றவைத்தார். உப்புமா கிண்டினோம். பாதி வெந்தது.

இதை எழுதும்போது மணி ஒன்பது. கூடாரத்தில் முதுகுக்குக் கீழே ஒரு மாவேர் இருக்கிறது. இடம் மாற்றலாம் என்றால் மருமகன் தூங்கிவிட்டான்.

இரண்டாம் நாள், மார்கழி 19: குடுமியான்மலை, சித்தன்னவாசல்

குளிருக்குப் பயந்து கூடாரத்தின் ஜன்னல்களையெல்லாம் இழுத்து மூடினோம். தப்பு. இரவெல்லாம் நாங்கள் விட்ட மூச்சு மேல்துணியில் முத்து முத்தாகக் கட்டி, விடியற்காலையில் எங்கள் மேலேயே சொட்டியது. அந்த நேரம் பார்த்து ஊர்க் கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவை ஆரம்பித்தது. நாலரை மணி. தூங்குகிறவளை எழுப்புவதற்காகவே பாடிய பாட்டை எட்டுத் திக்கும் கேட்கும்படி வைத்தால் யார்தான் தூங்க முடியும்? அதற்குப் பதில் சொல்வதுபோல் தோப்பு மயில்கள் அகவின. விராலிமலை மயிலுக்குப் பேர்போன ஊர். அந்தப் பெயர் எப்படி வந்தது என்று இன்றைக்கு எனக்குச் சந்தேகம் தீர்ந்தது.

குடுமியான்மலைக்கு எட்டு மணிக்குள் போய்விட்டோம். சுவாமியின் குடுமிக்கு ஒரு கதை உண்டு. அர்ச்சகர் பூவைத் தன் பிரியத்துக்குரியவளுக்குக் கொடுத்துவிட்டு, திடீரென்று அரசன் வந்து நிற்கவே, அதையே வாங்கிப் பிரசாதமாக நீட்டினார். பூவில் ஒரு தலைமயிர். சுவாமிக்குக் குடுமி உண்டு என்று அர்ச்சகர் பொய் சொல்ல, சுவாமி அவரைக் காப்பாற்றக் குடுமி வளர்த்துக்கொண்டார். மேலதிகாரி இப்படிக் கிடைத்தால் நானும் இன்னும் பத்து வருடம் வேலையில் இருப்பேன்.

கோயிலுக்குப் பின்னால் பாறை ஏறும் இடத்தில் குடைவரை. அதன் பக்கத்தில் செதுக்கிச் சமப்படுத்திய பாறைமுகத்தில் இருக்கிறது இசைக் கல்வெட்டு. பல்லவ கிரந்த எழுத்து, ஏழாம் நூற்றாண்டு. பாட்டின் சாகித்தியம் ஒரு வரிகூட இல்லை. முழுக்க முழுக்கச் சுரங்கள். ஏழு ராகங்களுக்கு ஏழு பகுதி. ஒவ்வொரு சுரமும் அ, இ, உ, எ என்று நான்கு உயிரோடும் மாறி மாறி வருகிறது: ச, சி, சு, செ. உருத்திராசாரியரின் சீடனான ஓர் அரசன், மாணவர்கள் நலனுக்காக இதை எழுதினான் என்று கல்வெட்டே சொல்கிறது. அந்த அரசன் மகேந்திரவர்மன் என்று நெடுநாள் எழுதி வந்தார்கள், இப்போது மறுப்பவர்கள் உண்டு. எல்லாம் வடமொழி, கடைசியில் ஒரே ஒரு தமிழ் வரி: "எட்டிற்கும் ஏழிற்கும் இவை உரிய". எட்டு என்ன, ஏழு என்ன என்று அறிஞர்கள் இன்றும் மல்லுக்கட்டுகிறார்கள். எனக்கென்னவோ, பாடம் முடிந்து பையன்கள் எழுந்து போகும்போது வாத்தியார் முதுகுக்குப் பின்னாலிருந்து உரக்கச் சொன்ன வாக்கியம்போலத்தான் அது கேட்டது.

சித்தன்னவாசலுக்கு வந்து சேர்ந்தபோது பதினொன்று. எல்லோரும் போகும் இடம் அறிவர் கோயில், ஓவியம் இருக்கும் குடைவரை. தாமரைக் குளம், மீன், வாத்து, யானை, பூப்பறிக்கும் துறவிகள். மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் இதைப் புதுப்பித்து முன்மண்டபம் எடுத்தான் என்று வெளியே பாறையில் பாண்டியன் ஸ்ரீவல்லபன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது, ஒன்பதாம் நூற்றாண்டு. இப்போது முன்னால் நிற்கும் தூண்களோ குடுமியான்மலையிலிருந்து இருபதாம் நூற்றாண்டில் கொண்டுவந்து நட்டவை. காலையில் நாங்கள் வந்த வழிதான். ஓவியம் முக்கால்வாசி போய்விட்டது. இருக்கிற கால்வாசியைப் பார்க்கவே கண் பழக ஐந்து நிமிடம் ஆகும். கூட்டமாக வந்தவர்கள் இரண்டு நிமிடத்தில் வெளியே போய்விட்டார்கள். கருவறையில் காவலர் எங்களை நடுவில் நிற்கவைத்து மெல்ல ஓங்காரமிடச் சொன்னார். நான் வாயைத் திறந்தது கொஞ்சம், அறை கொடுத்தது அதிகம். ஒலி மார்புக்குள்ளிருந்து வருகிறதா, சுவரிலிருந்து வருகிறதா என்று பிரிக்க முடியவில்லை.

ஆனால் நான் வந்தது ஏழடிப்பட்டத்துக்காக. மலையின் மறுபக்கம். வெயிலில் படிகளில் ஏறி, உச்சிக்கு அந்தப் பக்கம் சரிவில் கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்கினால், பாறையின் அடியில் ஒரு பெருங்குகை. தரையில் பதினேழு படுக்கைகள். பாறையைத் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கி, தலைமாட்டில் மட்டும் ஓர் அங்குலம் இரண்டு அங்குலம் உயர்த்தி விட்டிருக்கிறார்கள். அதுதான் தலையணை. குறுக்கே கம்பி வேலி. படுத்துப் பார்க்க முடியாது. நேற்றிரவு மாவேரில் படுத்தவன் என்ற தகுதியில் எனக்கு மிகுந்த ஆசை இருந்தது.

படுக்கைகளில் பெரியதும் பழையதுமான ஒன்றில் தமிழ்பிராமி எழுத்து. ஏறக்குறைய கி.மு. முதல் நூற்றாண்டு. கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் படித்தபடி அதன் பொருள்: எருமி நாட்டுக் குமுழூரில் பிறந்த காவுடிக்குச் சிறுபொசில் இளையர் செய்த அதிட்டானம், அதாவது இருக்கை. எருமி நாடு என்பது மைசூர்ப் பக்கம். அங்கிருந்து ஒரு சமணத் துறவி, ஆணோ பெண்ணோ, நடந்து இங்கே வந்திருக்கிறார். அவருக்குப் படுக்க இடம் செய்து கொடுத்தவர் உள்ளூரைச் சேர்ந்த இளையர்.

மற்றப் படுக்கைகளின் பக்கத்தில் எட்டு, ஒன்பதாம் நூற்றாண்டு எழுத்தில் பெயர்கள்: திருநீலன், திருச்சாத்தன், ஸ்ரீபூர்ணசந்திரன். எண்ணூறு, தொள்ளாயிரம் வருடம் கழித்தும் அதே குகைக்கு ஆள் வந்திருக்கிறது. சில படுக்கைகளில் உண்ணாநோன்பிருந்து உயிர் விட்டிருப்பார்கள் என்கிறார்கள். எல்லோரும் அவர்களைப் பற்றித்தான் பேசுவார்கள். எனக்கு அந்த இளையர் மேல்தான் கண். வந்தவருக்கு எத்தனை அடி உயரம் என்று பார்த்திருப்பார், தலைமாடு எவ்வளவு உயர வேண்டும் என்று யோசித்திருப்பார், காற்று எந்தப் பக்கம் அடிக்கும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். பிறகு மாதக்கணக்கில் மண்டி போட்டுத் தேய்த்திருப்பார்.

"கவுந்தி, காவுடி. பெயர் ஒரே மாதிரி இருக்கிறதே மாமா" என்றான் மருமகன். கோவலன் கதையை நேற்று காரில் பாதித் தூக்கத்தில் கேட்டான் என்றல்லவா நினைத்தேன்.

இன்றிரவு அன்னவாசல் பக்கம், தைலமரக் காட்டை ஒட்டிய ஒரு கடலைக் கொல்லை. நடுவில் யானை படுத்ததுபோல் ஒரு பாறை. கொல்லைக்காரி ஓர் ஆயா, எழுபது வயதிருக்கும். "கீழே வேண்டாமப்பா, பூச்சிபொட்டு வரும். பாறை மேலே போடுங்கள்" என்று தானே கையைக் காட்டினாள். பாறையில் முளை இறங்குமா? கூடாரத்தின் நான்கு மூலையையும் நான்கு கல்லில் கட்டியிருக்கிறோம். பாறை பகல் வெயிலையெல்லாம் வாங்கி வைத்திருக்கிறது, முதுகுக்கு ஒத்தடம் கொடுப்பதுபோல் கதகதவென்று இருக்கிறது. சமணர்கள் அறியாமலா பாறையைத் தேர்ந்தெடுத்தார்கள்! "இந்த ஆயாதான் நம்முடைய சிறுபொசில் இளையர்" என்று மருமகன் சொல்கிறான்.

மூன்றாம் நாள், மார்கழி 20: நார்த்தாமலை

நேற்று எழுதியதைத் திருத்த வேண்டும். பாறையின் சூடு நள்ளிரவு வரைக்கும்தான். மூன்று மணிக்கு எனக்கு விழிப்பு வந்தபோது அது வாங்கியதையெல்லாம் கொடுத்து முடித்துவிட்டு, இப்போது என்னிடமிருந்து வாங்க ஆரம்பித்திருந்தது. குல்லாய், மப்ளர், இரண்டு சட்டை, காரிலிருந்து எடுத்த தரைவிரிப்பு எல்லாம் போட்டும் பல் கிட்டியது. சமணர்கள் பாயாவது வைத்திருந்திருப்பார்கள். காலையில் ஆயா ஒரு சொம்பு நிறையக் கருப்பட்டிக் காப்பி கொண்டுவந்தாள். காசு கொடுத்தேன். வாங்கவில்லை, திட்டினாள்.

நார்த்தாமலையைச் சுற்றி ஒன்பது குன்றுகள். அனுமன் தூக்கிப் போன மலையிலிருந்து சிந்தியவை என்று ஊரார் சொல்வார்கள். குன்றுகளின் பெயர்களைக் கேளுங்கள்: ஆளுருட்டி மலை, உவச்சன் மலை, கடம்பர் மலை, பொம்மை மலை. ஆளுருட்டி என்ற பெயருக்குக் கதை கேட்க வேண்டியதில்லை, ஏறிப் பார்த்தால் போதும். நாங்கள் ஏறியது மேலமலை. படியென்று சொல்ல முடியாது, சரிவான மொட்டைப் பாறை. வழியில் ஒரு சுனை. அதைத் தாண்டியதும் திடீரென்று தளமான பாறைவெளி, அதன் நடுவில் விஜயாலய சோழீச்சரம்.

எவ்வளவோ கோயில் பார்த்தாயிற்று. ஆனால் நான் முதன்முதலில் ஒரு கோயிலை முழுதாகப் பார்த்தது இங்கேதான் என்று தோன்றுகிறது. மதில் இல்லை, கடை இல்லை, பின்னால் வீடு இல்லை. பாறை, கோயில், வானம். உள்ளே கருவறை வட்டம், அதைச் சுற்றி வரும் சுற்று சதுரம். வட்டமான கருவறையைச் சுற்றிச் சதுரப் பாதையில் நடக்கும்போது சுவர் நெருங்கி வருவதும் விலகிப் போவதுமாக இருந்தது. சோழன் பெயர் இருந்தாலும் கட்டியது முத்தரையர் என்ற குறுநில மன்னர். வாயிற்காவலர் சிலைக்குக் கீழே உள்ள கல்வெட்டில் கணக்கு இருக்கிறது: சாத்தன் பூதி என்ற இளங்கோவதியரையர் எடுத்த கற்றளியை மழை இடித்து அழித்தது; மல்லன் விடுமன் என்ற தென்னவன் தமிழதியரையன் அதைப் புதுக்கினான்.

மழை இடித்து அழித்தது என்பதைப் படித்து முடித்தேனோ இல்லையோ, தூறல் விழுந்தது. நான் கதைக்காகச் சேர்க்கவில்லை. மார்கழியின் கடைசிப் பத்து நாளில் இப்படி ஒரு மழை வருவதற்கு நியாயமே இல்லை. எதிரே இருக்கும் குடைவரைகளில் ஒன்றான சமணர் குடகுக்கு ஓடினோம். பெயர் சமணர் குடகு, உள்ளே இருப்பது பெருமாள். ஒருவர் இருவர் அல்லர், பன்னிரண்டு பேர். ஒரே உயரம், ஒரே நிலை, சுவர் நெடுக வரிசையாக நிற்கிறார்கள். வெளியே மேடையின் அடித்தளத்தில் யாளிகளும் யானைகளும் ஓடுகின்றன. சமணர் இருந்த குகை பிற்பாடு விண்ணகரமாக மாறிய கதை அது. முக்கால் மணி நேரம் அவர்களும் நாங்களும் மழை நிற்பதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பக்கத்திலுள்ள சிறிய குடைவரை பழியிலி ஈச்சரம். பல்லவன் நிருபதுங்கன் காலத்தில் சாத்தன் பழியிலி என்பவன் குடைந்தான். முன்மண்டபம் எடுத்து நந்தி வைத்தவள் அவன் மகள், பழியிலி சிறியநங்கை. பழியிலி என்றால் பழி இல்லாதவன். இவ்வளவு தைரியமாகப் பெயர் வைத்துக்கொள்ள அந்தக் காலத்தில்தான் முடிந்திருக்கும். மண்டபம் இன்று இல்லை. நந்தி இருக்கிறது, நனைந்துகொண்டு.

சாயங்காலம் கூடாரம் போடும்போது அதன் வாசல் ஜிப் பாதியில் கடித்துக்கொண்டு நின்றது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. மெழுகுவத்தி தேய்த்தோம், தேங்காய் எண்ணெய் விட்டோம், கடைசியில் மருமகன் விற்றவனின் பரம்பரையைப் பற்றிப் பேசினான். மறுபடி தூறல். கீரனூர் சாலையில் ஒரு பெட்ரோல் பங்கின் ஓரத்தில் காருக்குள் இருக்கையைச் சாய்த்துக்கொண்டு படுத்திருக்கிறோம். இரண்டு பக்கமும் லாரிகள். பங்கின் காவலாளி வந்து கண்ணாடியைத் தட்டினார், விரட்டப் போகிறார் என்று நினைத்தேன். "அந்த மூலையில் தண்ணீர் தேங்கும் சார், இப்படிக் கொஞ்சம் முன்னால் எடுத்துப் போடுங்கள்" என்றார். மருமகன் கண்ணை மூடியபடியே, "இளையர் நம்பர் மூன்று" என்றான்.

நான்காம் நாள், மார்கழி 21: திருமயம்

வானம் வெளுத்துவிட்டது. புதுக்கோட்டையில் கூடாரத்தை ஒரு தையல்காரரிடம் கொடுத்தோம், பத்து நிமிடத்தில் ஜிப்பின் பூட்டைக் குறட்டால் லேசாக நெருக்கிச் சரிசெய்தார். இருபது ரூபாய். அந்த நேரத்தில் திருக்கோகர்ணத்து அருங்காட்சியகத்தை ஒரு சுற்றுச் சுற்றினோம். 1910இல் சமஸ்தானம் தொடங்கியது. நின்று பார்க்க வேண்டிய இடம், எங்களுக்கு நேரமில்லை.

திருமயம் இருபது கிலோமீட்டர். 1687இல் சேதுபதி கட்டிய கோட்டை, பிறகு தொண்டைமான்களுக்குப் போனது. மேலே பீரங்கி இருக்கும் இடத்தில் கூடாரத்துணியை வெயிலில் விரிக்கலாமா என்று மருமகன் கேட்டான். முறைத்தேன். காரின் முகப்பில் விரித்துக் காயவைத்தோம், வந்தவர்களெல்லாம் கார் புதுசா என்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

கோட்டையைவிட எனக்குக் கீழேயுள்ள இரண்டு குடைவரைகள்தாம் முக்கியம். ஒரே மலையின் ஒரே பக்கத்தில் சத்தியகிரீசுவரரும் சத்தியமூர்த்திப் பெருமாளும் அடுத்தடுத்து இருக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் என்றால் சண்டை இருக்கத்தானே வேண்டும். வருமானப் பங்கு பற்றிய நெடுநாள் வழக்கு 1245இல் ஹொய்சளத் தண்டநாயகன் அப்பண்ணன் முன்னிலையில் தீர்ந்தது. இடையில் மதில் எழுப்பியதும் அந்தத் தீர்ப்பில் சேர்ந்ததுதான். பெரிய விடுதலைப் போராட்டக்காரரான எஸ். சத்தியமூர்த்தி 1887இல் பிறந்த ஊர் இது. அவர் பெயரும் இந்தப் பெருமாள் பெயர்தான்.

குகைக்குள் பள்ளிகொண்ட பெருமாள். பின்சுவர் முழுவதும் அவர்தான், ஒரே பார்வையில் அடங்கமாட்டார். தலைமாட்டிலிருந்து கால்மாட்டுக்கு நடந்துதான் பார்க்க வேண்டும். மதுவும் கைடபனும் தாக்க வந்தபோது பெருமாள் தூங்கிக்கொண்டிருந்தார், ஆதிசேஷனே விஷமூச்சு விட்டு அவர்களை விரட்டினான். அவர் கண் திறந்து பார்த்தபோது, அவசரப்பட்டுவிட்டோமே என்று பாம்பு வெட்கப்பட்டதாம். தூங்குகிறவரை எழுப்பாமல் வேலையைத் தானே முடித்த அந்தப் படுக்கையை நினைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். மூன்று இரவாக என் இடுப்பு படும் பாடு எனக்குத்தான் தெரியும்.

இன்றிரவு என் பள்ளித்தோழன் வீட்டு மொட்டைமாடியில் கூடாரம். கீழே நல்ல மெத்தை இருக்கிறது என்று அவன் மனைவி மூன்று முறை சொல்லிவிட்டார். மருமகன் முகத்தைப் பார்த்து, வேண்டாம் தங்கச்சி என்று சொன்னேன். இந்த ஐந்து நாளில் நான் சொன்ன பெரிய பொய் அது.

ஐந்தாம் நாள், மார்கழி 22: ஆவுடையார்கோயில்

அறந்தாங்கி வழியாக வந்தோம். பாறைகள் முடிந்து, கண்மாயும் வயலுமாகத் தரை சப்பையாகிறது. இங்கே குடைய மலை இல்லை. கல்லைக் கொண்டுவந்து, மரமோ என்று நினைக்கும்படி செதுக்கியிருக்கிறார்கள். கொடுங்கை என்னும் வளைந்த கல் தாழ்வாரத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்தக் காலத்தில் சிற்பிகள் ஒப்பந்தம் எழுதும்போது, ஆவுடையார்கோயில் கொடுங்கைபோல மட்டும் கேட்கக் கூடாது என்று எழுதி வாங்கிக்கொள்வார்கள் என்பது வழக்கு. தலையை அண்ணாந்து பார்த்தேன். கூரையில் குறுக்குச் சட்டங்கள், அவற்றின் மேல் கம்பிகள், கம்பியைச் சட்டத்தோடு பிணைக்கும் ஆணி, ஆணியின் குமிழ்த்தலை. எல்லாம் கல். ஓட்டு வீட்டில் பிறந்தவன் என்பதால் எனக்கு அந்த ஆணித்தலைகள் ஒவ்வொன்றும் வீட்டுத் தாழ்வாரம்போலத் தெரிந்தன. அங்கே மழைக்காலத்தில் துரு வடியும். இங்கே வடியாது.

மாணிக்கவாசகர் குதிரை வாங்கக் கொண்டுவந்த பாண்டியன் பணத்தில் எழுந்த கோயில் என்பது கதை. அவர் குருவைக் கண்ட திருப்பெருந்துறை இதுதான். இங்கே லிங்கம் இல்லை. ஆவுடையார் என்னும் பீடம் மட்டும், அதன் மேல் குவளை. கொடிமரம் இல்லை, நந்தி இல்லை. அம்பாளுக்கு உருவம் இல்லை. பாதத்தைப் பலகணி வழியாகத்தான் பார்க்க வேண்டும். இல்லை, இல்லை என்று கேட்டுக்கொண்டே போனவனுக்கு, மாலைப் பூசையில் ஒன்று இருந்தது. புழுங்கலரிசிச் சோற்றை அடுப்பிலிருந்து அப்படியே கொண்டுவந்து படைகல்லின் மேல் கொட்டினார்கள். கீரையும் பாகற்காயும் உடன். ஆவி எழுந்தது. அந்த ஆவிதான் நைவேத்தியம். வெளியே பனிக்காற்று, உள்ளே கல்லின் மேல் சோற்றிலிருந்து வெண்மையாகச் சுருண்டு மேலே போகும் ஆவி. வேறு எதையும் நான் பார்க்கவில்லை. மருமகனும் போனை எடுக்கவில்லை.

இரவுக்கு இடம் தேடிக் கண்மாய்க்கரையில் போனோம். எதிரே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்த பெரியவரிடம், வயலோரம் கூடாரம் போட்டுக்கொள்ளலாமா ஐயா என்று கேட்டேன். எங்களையும் காரையும் மேலும் கீழும் பார்த்தார். "எந்த ஊர்?"

"உறையூருங்க."

"அங்கே வீடு இல்லையா?"

இருக்கிறது என்று ஒப்புக்கொண்டேன். மேற்கொண்டு எப்படி விளக்குவது என்று தெரியவில்லை. அவரும் கேட்கவில்லை. "பனி இறங்கும், வயலில் வேண்டாம்" என்று சொல்லித் தன் மோட்டார் கொட்டகையைத் திறந்துவிட்டார். உள்ளே உரமூட்டை, மண்வெட்டி, பழைய பைப்புகள். அவற்றை ஒரு மூலைக்குத் தள்ளிவிட்டு, துடைப்பத்தால் தரையைப் பெருக்கினார். வைக்கோலை இரண்டு கத்தை கொண்டுவந்து உதறிப் பரப்பினார், மேலே சாக்கை விரித்தார். பிறகு ஒரு கணம் நின்று என்னைப் பார்த்தார். வெளியே போய் இன்னும் கொஞ்சம் வைக்கோல் எடுத்து வந்து, ஒரு பக்கம் மட்டும் சாக்குக்கு அடியில் திணித்து, உள்ளங்கையால் தட்டித் தட்டிச் சமப்படுத்தினார். "தலை இந்தப் பக்கம்" என்றார். "கதவிடுக்கில் காற்று வரும், கால் அங்கே இருக்கட்டும்."

அவர் போன பிறகு மருமகன் ஒன்றும் பேசவில்லை. கூடாரம் காரிலேயே இருக்கிறது. கொட்டகைச் சுவரில் பால் கணக்கும் தண்ணீர் பாய்ச்சிய முறையும் கரித்துண்டால் எழுதியிருக்கின்றன. அதன் கீழே, டார்ச்சை நெற்றியில் கட்டிக்கொண்டு, அவன் அதே கரித்துண்டால் குண்டு குண்டாக எழுதிக்கொண்டிருக்கிறான்:

உறையூர்ப் பிறந்த மாமனுக்கு ஆவுடையார்கோயில் இளையர் செய்த அதிட்டானம்.